முதலில் இடம், கடைசியில் பெட்டி: சிறு விமானத்தின் வழிகாட்டி ஆண்டெனாக்கள்

சிறு தனியார் விமானத்துக்கு வழிகாட்டும் ஆண்டெனாக்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே எப்படிப் பொருத்துவது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பணிமனைக்குள் பேசி முடிக்க வேண்டிய சங்கதியை மேடைக்கு ஏன் கொண்டுவர வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. மேகத்துக்குள் புகுந்த விமானியின் கண்ணுக்கு வெளியே எதுவும் தெரியாது. மலை எந்தப் பக்கம், ஓடுபாதை எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்வது பேனலில் இருக்கும் ஊசிதான். அந்த ஊசியை அசைப்பது ரிசீவர். ரிசீவருக்குச் செய்தி கொடுப்பது ஆண்டெனா. ஆண்டெனா தவறினால் ஊசி தவறும். ஊசி தவறினால் விமானி தவறுவார்.

ஆனால் நடைமுறை என்ன? புதிதாக வழிகாட்டிக் கருவி வாங்க நினைக்கும் உரிமையாளர் முதலில் திரையைப் பார்க்கிறார். திரை எத்தனை அங்குலம், வரைபடம் எத்தனை நிறத்தில் வருகிறது, தொட்டால் வேலை செய்யுமா என்று கேட்கிறார். பணத்தில் பெரும் பகுதியைப் பெட்டிக்கே கொடுத்துவிடுகிறார். அதன் பிறகு கேபிள், அதற்கும் பிறகு ஆண்டெனா, எல்லாம் முடிந்த பின் எங்காவது காலி இடம் இருந்தால் அங்கே ஓர் ஓட்டை. இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். முதலில் இடம், அடுத்து அந்த இடத்துக்குப் பொருந்தும் ஆண்டெனா, அடுத்து கேபிள், கடைசியில்தான் பெட்டி. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? ஆண்டெனா பிடிக்காத சிக்னலை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரிசீவராலும் உண்டாக்கித் தர முடியாது. உள்ளே நுழைந்த இரைச்சலையும் முழுவதுமாகப் பிரித்து எடுத்துவிட முடியாது. வாசலில் இழந்ததை உள்ளே போய் மீட்க வழியில்லை.

முதலில், விமானத்தை நோக்கி வருகிற அலைகள் எப்படிப்பட்டவை என்று பார்ப்போம். வி.ஓ.ஆர். என்ற திசைகாட்டும் தரை நிலையங்களும், ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசரும் 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் பேசுகின்றன. இறங்கு சரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் 329 முதல் 335 மெகாஹெர்ட்ஸ் வரை. வானிலிருந்து வரும் ஜி.பி.எஸ். 1575.42 மெகாஹெர்ட்ஸ். ஆண்டெனாவின் அளவை நிர்ணயிப்பது நம் விருப்பமல்ல, இந்த எண்களே. வி.ஓ.ஆர். பட்டையின் நடுவில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 2.65 மீட்டர். அதில் பாதி, ஒன்றே கால் மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதனால்தான் அந்த ஆண்டெனாவின் இரண்டு கைகளும் ஆளுக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீள்கின்றன. ஜி.பி.எஸ். அலையின் நீளம் வெறும் 19 சென்டிமீட்டர். அதன் ஆண்டெனா உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. இதில் இயற்கையே தந்த ஒரு சலுகையும் உண்டு. லோக்கலைசரின் 110 மெகாஹெர்ட்ஸை மூன்றால் பெருக்குங்கள், 330 வருகிறது. கிளைடு ஸ்லோப் பட்டை அங்கேதான் இருக்கிறது. ஆகவே வி.ஓ.ஆருக்கு வெட்டிய ஆண்டெனா கிளைடு ஸ்லோப்பையும் பிடித்துக்கொள்ளும். ஒரே ஆண்டெனாவை வைத்துப் பிரிப்பான் மூலம் இரண்டு ரிசீவருக்கும் சிக்னல் கொடுப்பது இதனால்தான் சாத்தியமாகிறது.

அளவு மட்டும் போதுமா? போதாது. அலை எந்த வாக்கில் ஆடிக்கொண்டு வருகிறது என்பதும் முக்கியம். விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் வானொலி அலை நிமிர்ந்த வாக்கில் ஆடுகிறது. அதனால் அதன் ஆண்டெனா குச்சி போல நிமிர்ந்து நிற்கிறது. வி.ஓ.ஆர்., லோக்கலைசர், கிளைடு ஸ்லோப் மூன்றும் படுத்த வாக்கில் ஆடுகின்றன. அவற்றின் ஆண்டெனா படுத்துத்தான் இருக்க வேண்டும். படுத்து வரும் அலையை நிமிர்ந்த குச்சியால் பிடிக்க முயன்றால், கிடைக்க வேண்டியதில் நூறில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டெனாவும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதானே, ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். செஸ்னா 172 போன்ற விமானங்களின் செங்குத்து வாலின் உச்சியைப் பாருங்கள். பூனை மீசை போல இரண்டு மெல்லிய கம்பிகள் வி வடிவில் பின்னோக்கி விரிந்திருக்கும். அதுதான் வி.ஓ.ஆர். ஆண்டெனா. நேர்க்கோடாக வைக்காமல் ஏன் வி ஆக மடித்தார்கள்? நேரான இருகை ஆண்டெனாவுக்கு அதன் இரு நுனிகளின் திசையில் காது கேட்காது. கைகளை மடித்தால் அந்தச் செவிட்டு மூலைகள் ஓரளவு நிரம்புகின்றன. விமானத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும் நிலையமும் கேட்கிறது.

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அந்த ஆண்டெனாவை ஏன் வால் உச்சியில் வைத்தார்கள்? காற்றுக்கு அழகாக இருக்கும் என்றா? கேபிள் மிச்சமாகும் என்றா? இல்லை, கேபிள் அங்கேதான் அதிகம் செலவாகும். காரணம் மூக்கில் சுழலும் புரொப்பெல்லர். லோக்கலைசர் இரண்டு ஒலிகளை அனுப்புகிறது: வினாடிக்கு 90 துடிப்பு ஒன்று, 150 துடிப்பு ஒன்று. இறங்க வரும் விமானம் நடுக்கோட்டுக்கு இடப்புறம் இருந்தால் 90 ஓங்கும். வலப்புறம் இருந்தால் 150 ஓங்கும். சமமாக இருந்தால் ஊசி நடுவில் நிற்கும். இனிக் கணக்கைப் பாருங்கள். மூன்று இதழ் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 30 சுற்று; மூன்று இதழ் என்பதால் வினாடிக்கு 90 வெட்டு. இரண்டு இதழ் புரொப்பெல்லர் 2700 சுற்றில் ஓடினாலும் அதே 90 வெட்டு. முன்னாலிருந்து வரும் அலை, சுழலும் உலோக இதழ்களுக்கு இடையே புகுந்து, அவற்றில் பட்டுத் தெறித்து, அருகில் இருக்கும் ஆண்டெனாவை அடைந்தால், அதன் மேல் வினாடிக்கு 90 என்ற துடிப்பு ஏறிவிடும். ரிசீவருக்கு அது தரையிலிருந்து வந்த 90ஆ, மூக்கிலிருந்து வந்த 90ஆ என்று எப்படித் தெரியும்? தெரியாது.

இது காகிதக் கணக்கு மட்டும்தானா? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. விமானிகளுக்காக வெளியிடும் கையேட்டில் இதைச் சொல்லியிருக்கிறது. புரொப்பெல்லரின் சில சுழல் வேகங்களில் வி.ஓ.ஆர். ஊசி 6 டிகிரி வரை இரு பக்கமும் ஆடலாம். சுழல் வேகத்தைச் சற்று மாற்றினால் ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது அங்கே உள்ள எச்சரிக்கை. 6 டிகிரி என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். நிலையத்திலிருந்து 60 கடல் மைல் தொலைவில் 1 டிகிரி பிசகு என்றால் 1 கடல் மைல் விலகல். 6 டிகிரி பிசகு என்றால் 6 கடல் மைல், அதாவது 11 கிலோமீட்டர். மலைப்பகுதியில் 11 கிலோமீட்டர் விலகிப் பறப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. செஸ்னா 172இன் மொத்த நீளமே 8.3 மீட்டர் அளவுதான். அந்தச் சிறு உடலில் புரொப்பெல்லரிலிருந்து அதிகத் தொலைவில் இருக்கும் இடம் வால். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஒரு வடிவமைப்பாளரின் ருசி அல்ல, கணக்கு. கேபிள் நீளம் கூடுகிறதே என்றால், 110 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஏழெட்டு மீட்டர் கேபிளில் இழப்பது ஏறத்தாழ ஒரு டெசிபல்தான். புரொப்பெல்லரிடம் இழப்பதோடு ஒப்பிட்டால் அது கொடுக்கத் தகுந்த விலை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கம்பியும் காற்றை இழுக்கிறது, வேகத்தைத் தின்கிறது, ஆண்டெனாக்களை உள்ளே மறைத்துவிட்டால் என்ன என்பார்கள். நியாயமான கேள்வி. எண்ணைப் பார்ப்போம். எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட விமான மாற்றங்களுக்கான வழிகாட்டியில் ஆண்டெனா பொருத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதில் காற்று இழுவையைக் கணக்கிடும் சூத்திரமும் உண்டு. முகப்பரப்பு 0.135 சதுர அடி உள்ள ஆண்டெனா மணிக்கு 250 மைல் வேகத்தில் சந்திக்கும் இழுவை, அந்தக் கணக்குப்படி, 2.75 பவுண்டு, ஏறத்தாழ ஒன்றே கால் கிலோ. இழுவை வேகத்தின் வர்க்கமாக மாறுவதால், மணிக்கு 140 மைல் வேகத்தில் செல்லும் பயிற்சி விமானத்தில் அதே ஆண்டெனாவுக்கு அரைக் கிலோ கூட வராது. பந்தய விமானத்துக்கு அது பெரிது. பயணத்துக்கும் பயிற்சிக்கும் பயன்படும் விமானத்தில், அந்த அரைக் கிலோவை மிச்சம் பிடிக்கச் சிக்னலைப் பலி கொடுப்பது நட்டமான வியாபாரம்.

ஆனாலும் உள்ளே மறைப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். விமானம் எதனால் ஆனது என்று முதலில் கேளுங்கள். மரமும் ஃபைபர் கிளாஸும் ரேடியோ அலையைத் தடுப்பதில்லை. 1970களில் பர்ட் ருட்டான் வடிவமைத்த வேரி ஈஸி, பிறகு வந்த லாங் ஈஸி போன்ற விமானங்களை வீட்டில் கட்டியவர்கள், செம்புப் பட்டைகளால் செய்த ஆண்டெனாக்களை ஃபைபர் கிளாஸ் அடுக்குகளுக்குள்ளேயே புதைத்தார்கள். வெளியே எதுவும் நீட்டவில்லை. காற்று இழுவையும் இல்லை. உலோக உடல் கொண்ட ஆர்.வி. வகை விமானங்களிலும் இறக்கை நுனி ஃபைபர் கிளாஸால் ஆனது என்பதால், அந்த நுனிக்குள் வி.ஓ.ஆர். ஆண்டெனாவை வைக்கும் வழக்கம் இருக்கிறது. நல்ல தீர்வு. ஆனால் நிபந்தனைகளும் உண்டு. அதே நுனியில் மின்னும் விளக்கும் அதன் வயரும் இருக்கின்றன. ஆண்டெனா செய்தவர் சொன்ன பாதையில்தான் அந்த வயரைக் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்க நுனியில் இருக்கும் ஆண்டெனாவுக்கு மறுபக்கத்தை இறக்கையும் உடலும் ஓரளவு மறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விமானம் கார்பன் ஃபைபரால் ஆனது என்றால் கதையே வேறு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அது அலையை உள்ளே விடாது. ஃபைபர் கிளாஸ் விமானத்தில் பார்த்ததைக் கார்பன் விமானத்தில் அப்படியே செய்தவர் ஆண்டெனாவைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார் என்று பொருள். அடுக்குகளுக்குள் புதைக்கும் ஆண்டெனாவை, மூடுவதற்கு முன்பே அளந்து பார்த்தாக வேண்டும். மூடிய பிறகு அதைத் திருத்த விமானத்தையே அறுக்க நேரும்.

அடுத்து ஜி.பி.எஸ். இதற்கு இடம் சொல்வது சுலபம்: வானத்தை நோக்கி, கூரையின் மேல், விமானம் நேராகப் பறக்கும்போது மட்டமாக இருக்கும்படி, இறக்கையோ வாலோ மறைக்காத இடத்தில். சிக்கல் எங்கே வருகிறது? பக்கத்து வீட்டுக்காரரால் வருகிறது. ஜி.பி.எஸ். சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது அதன் திறன் ஒரு வாட்டில் பத்து கோடிக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே கூரையில் நிற்கும் பேச்சு வானொலியோ 10 வாட் வீசுகிறது. கல்யாண மண்டபத்தில் தவில் முழங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த தெருவில் பேசும் ரகசியத்தைக் கேட்க முயல்வது போன்ற நிலை இது. இரண்டும் வேறு வேறு அதிர்வெண்தானே என்று கேட்பீர்கள். இங்கேதான் பெருக்கல் வாய்ப்பாடு குறுக்கே வருகிறது. எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அதிர்வெண்ணின் மடங்குகளிலும் சிறிதளவு கசியவிடும். 121.2 மெகாஹெர்ட்ஸை 13ஆல் பெருக்குங்கள்: 1575.6. 131.3 மெகாஹெர்ட்ஸை 12ஆல் பெருக்குங்கள்: அதுவும் 1575.6. ஜி.பி.எஸ்.ஸின் வாசற்படியிலேயே வந்து நிற்கிறது. ஆகவேதான் நிறுவல் கையேடுகள் 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய அதிர்வெண்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் போல பேச்சுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஜி.பி.எஸ். தடம் இழக்கிறதா என்று பார்க்கச் சொல்கின்றன. இரண்டு ஆண்டெனாவுக்கும் இடையே குறைந்தது இரண்டடி விடச் சொல்வதும் இதற்காகவே.

இதில் இன்னும் நுட்பமான ஒரு கண்ணி இருக்கிறது. இடைவெளி விட்டாயிற்று, பேச்சு வானொலியும் புதியது, ஆனாலும் பேசும்போது ஜி.பி.எஸ். அறுகிறது. யார் குற்றவாளி? பல நேரம், அணைந்தே கிடக்கும் ஒரு கருவி: விபத்தில் மட்டும் விழித்தெழ வேண்டிய அவசரகாலச் சமிக்ஞைக் கருவி, இ.எல்.டி. அதன் ஆண்டெனா 121.5 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டப்பட்டது. பேச்சு வானொலியின் அலையை அது நன்றாக வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் குறைகடத்திகள் அந்த அலையைக் கசக்கி, மடங்குகளை உண்டாக்கி, அதே ஆண்டெனா வழியே திருப்பி வீசும். அணைந்து கிடக்கும் கருவி ஜி.பி.எஸ்.ஸைக் குருடாக்குகிறது. இ.எல்.டி. ஆண்டெனா இணைப்பைத் தற்காலிகமாகக் கழற்றிச் சோதித்தால் உண்மை வெளிப்படும். தகுந்த வடிகட்டி போட்டாலோ ஆண்டெனாவை நகர்த்தினாலோ தீரும். இந்த நோய்க்குப் புதிய ஜி.பி.எஸ். பெட்டி வாங்குவது மருந்தாகுமா? ஆகாது. நோய் இடத்தில் இருக்கிறது. மருந்தும் இடத்தில்தான் இருக்கிறது. ஆண்டெனாவும் பெட்டியும் ஜோடி சேர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. இன்றைய ஜி.பி.எஸ். ஆண்டெனாக்களுக்குள் ஒரு பெருக்கி இருக்கிறது; அதற்கு ரிசீவர்தான் கேபிள் வழியே மின்சாரம் தருகிறது. கார்மின் ஜி.என்.எஸ். 430 பெட்டியைச் செயற்கைக்கோள் திருத்தம் பெறும் வகையாக மேம்படுத்தியவர்கள், பெட்டியோடு ஆண்டெனாவையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய ஆண்டெனா பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பது தகுதிச் சான்று ஆகாது.

இடம் முடிவாயிற்று, இனிக் கைவேலை. சிறு விமானத்தின் தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள அலுமினியத் தகடு. சற்று முன் சொன்ன அந்த இழுவை, வேகத்துக்குப் பெரிதல்ல. இந்தத் தகட்டுக்குப் பெரிது. மணிக்கணக்கில் இழுத்து, அதிர்ந்து, ஓட்டையின் ஓரத்தில் விரிசல் விழச் செய்யும். எனவே உள்பக்கத்தில் வலுத்தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். அடுத்து மின் தொடர்பு. நிமிர்ந்த குச்சி ஆண்டெனாவுக்கு அதன் காலடியில் உள்ள உலோகத் தகடு வெறும் தாங்கி அல்ல. அது ஆண்டெனாவின் மறுபாதி. வண்ணப்பூச்சின் மேல் ஆண்டெனாவை வைத்துத் திருகினால் பாதி ஆண்டெனாதான் பொருத்தியதாகும். பூச்சைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தை வெளிக்கொணர்ந்து, அரிக்காதபடி ரசாயனப் பாதுகாப்பு கொடுத்து, பிறகு பொருத்தி அளந்தால் மின்தடை மூன்று மில்லி ஓமுக்குள் நிற்க வேண்டும். வால் உச்சியில் உள்ள இருகை ஆண்டெனாவுக்கு அந்தத் தகடு தேவையில்லை. ஆனால் சமநிலை கொண்ட இரண்டு கைகளையும் ஒற்றைக் கேபிளோடு இணைக்கும் பாலன் தேவை. அதை விட்டுவிட்டால் கேபிளின் வெளியுறையே மூன்றாவது கையாகி, வேண்டாத திசைகளிலிருந்தெல்லாம் இரைச்சலைக் கொண்டுவரும்.

விளிம்பைச் சுற்றி நீர் புகாமல் பூச வேண்டும். கடையில் கிடைக்கும் புளித்த வாடை அடிக்கும் சிலிக்கோன் பசை அமிலத்தை வெளிவிட்டு அலுமினியத்தை அரிக்கும், அதைத் தொடவே கூடாது. கேபிளிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆர்.ஜி. 58 வகையின் பிளாஸ்டிக் 80 டிகிரி செல்சியஸை ஒட்டியே களைத்துவிடும். உறையும் ஒற்றைப் பின்னல். ஆர்.ஜி. 400 வகை 200 டிகிரி வரை தாங்கும், இரட்டைப் பின்னல். ஜி.பி.எஸ். அதிர்வெண்ணில் கேபிள் இழப்பு வி.ஓ.ஆர். அதிர்வெண்ணில் உள்ளதைவிடப் பல மடங்கு என்பதால், அங்கே நல்ல கேபிள் ஆடம்பரமல்ல, அவசியம். பிரிப்பானுக்கும் கணக்கு உண்டு. ஓர் ஆண்டெனாவை இரண்டு ரிசீவருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதித் திறன்தான் போகும். தெளிவான வெளியில் 100 கிலோமீட்டர் எட்டிய சிக்னல் 70க்குச் சுருங்கும். அதற்குப் பின் இன்னொரு பிரிப்பான் என்றால் 50. காலி துளையெல்லாம் பிரிப்பானால் நிரப்புகிறவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது பெரிய எதிர்வாதத்துக்கு வருகிறேன். ஜி.பி.எஸ். வந்துவிட்டது, அமெரிக்காவிலேயே வி.ஓ.ஆர். நிலையங்களை மூடிக்கொண்டு வருகிறார்கள். நம் நாட்டிலும் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் என்ற செயற்கைக்கோள் திருத்த அமைப்பு இருக்கிறது, 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் பயணிகள் விமானம் அதைக் கொண்டே இறங்கிக் காட்டியது. இனி வாலில் எதற்கு அந்த மீசை என்று கேட்கிறார்கள். ககன் நமக்குப் பெருமை. அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அமெரிக்கா எல்லா நிலையங்களையும் மூடவில்லையே! குறைந்தபட்ச வலையமைப்பு என்று ஒன்றைத் திட்டமிட்டு வைத்திருக்கிறது. ஜி.பி.எஸ். அற்றுப்போனால் தரையிலிருந்து 5,000 அடிக்கு மேல் பறக்கும் விமானம் வி.ஓ.ஆரைப் பிடித்துக்கொண்டு, 100 கடல் மைலுக்குள் ஜி.பி.எஸ். இல்லாமல் இறங்கத்தக்க ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அற்றுப்போகுமா என்று கேட்டால், போயிருக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் எஸ்தோனியாவின் தார்த்து நகரில் ஜி.பி.எஸ். குறுக்கீட்டால் இறங்க முடியாமல் ஃபின்ஏர் விமானங்கள் அடுத்தடுத்த நாட்களில் திரும்பிப் போயின. ஜி.பி.எஸ். சாராத மாற்று அணுகுமுறை அமையும் வரை அந்நிறுவனம் ஒரு மாதம் அந்தத் தடத்தையே நிறுத்தி வைத்தது. நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் 2023 நவம்பரில் செயற்கைக்கோள் வழிகாட்டலில் குறுக்கீடு பற்றிச் சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. இரண்டு வழிகாட்டிகளும் இரண்டு வேறு பலவீனங்கள் கொண்டவை. ஒன்று வீழும்போது மற்றொன்று நிற்கும். அந்த இரண்டாவது ஆண்டெனாவை வாலிலிருந்து கழற்றுவது, மாற்றுக் கதவைச் சுவர் வைத்து அடைப்பதுதான்.

இன்னொரு குரலும் கேட்கிறது. இத்தனை நாள் பறந்தோம், ஊசி நன்றாகத்தானே காட்டியது என்கிறார்கள். நிலையத்துக்கு அருகில், தெளிந்த வானில், எந்த ஆண்டெனாவும் நல்ல ஆண்டெனாவாகத்தான் தோன்றும். சோதனை விளிம்பில்தான் இருக்கிறது. 5,000 அடி உயரத்தில் வி.ஓ.ஆர். அலை நேர்க்கோட்டில் எட்டக்கூடிய தூரம் ஏறத்தாழ 87 கடல் மைல். தெளிவான நாளில் நிலையத்திலிருந்து 40 கடல் மைலாவது விலகிப் போய், மட்டமாக ஒரு முழு வட்டம் அடித்துப் பாருங்கள். எந்தத் திசையில் மூக்கு இருக்கும்போது எச்சரிக்கைக் கொடி எட்டிப் பார்க்கிறதோ, அந்தத் திசையில் விமானத்தின் எந்த உறுப்பு சிக்னலை மறைக்கிறது என்று அது சொல்லிவிடும். என்ஜின் வேகத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஊசி ஆடினால் புரொப்பெல்லர் பேசுகிறது. கருவியை நம்பிப் பறக்கும் விமானி 30 நாளுக்கு ஒருமுறை வி.ஓ.ஆரைச் சரிபார்க்க வேண்டும், தரைச் சோதனையில் 4 டிகிரிக்கும் வானில் 6 டிகிரிக்கும் மேல் பிசகக் கூடாது என்பது அமெரிக்க விதி. விதி நம்மைக் கட்டுப்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், அந்த எண்கள் நமக்கும் நல்ல அளவுகோல்கள்.

அன்பர்களே, நிறைவாக என் வேண்டுகோள். விமானத்தின் பக்கத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் ஒரு தாளில் வரையுங்கள். இருக்கும் ஆண்டெனாக்களையெல்லாம், இ.எல்.டி. உட்பட, அளந்து குறியுங்கள். புரொப்பெல்லரிலிருந்து எவ்வளவு தூரம், பேச்சு வானொலியிலிருந்து எவ்வளவு தூரம், உடல் உலோகமா ஃபைபர் கிளாஸா கார்பனா என்று எழுதுங்கள். அந்தத் தாளோடு பணிமனைக்குப் போய், இந்த விமானத்தில் இந்த இடத்தில் பொருத்த அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள். காற்றழுத்தம் ஏற்றிய கேபின் என்றால், பொறியாளரின் கணக்கு இல்லாமல் ஓர் ஓட்டை கூடப் போட விடாதீர்கள். வேலை முடிந்ததும் அளந்த மின்தடை, கேபிள் வகை, குறுக்கீட்டுச் சோதனையின் முடிவு மூன்றையும் விமானப் பதிவேட்டில் எழுதி, உரிமம் பெற்றவரின் கையெழுத்து வாங்குங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் பணத்தில் எந்தத் திரை வேண்டுமோ வாங்கிக்கொள்ளுங்கள். சுமாரான பெட்டியோடு நல்ல ஆண்டெனா உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். சுமாரான ஆண்டெனாவோடு எந்தப் பெட்டியும் அந்த உறுதியைத் தராது.